நாலாம் நம்பர் கத்தியை மூடுவது எப்படி

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

லாரி பார்சல் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷமாக மூட்டை பிரிக்கும் பாட்டி எழுதிக்கொண்டது. இங்கே நான், என் மகள், மாப்பிள்ளை, என் இடது முழங்கால் எல்லாரும் ஏதோ சொன்னபடி கேட்டுக்கொண்டு நலமாக இருக்கிறோம். தாங்களும் தங்கள் வீட்டாரும், முக்கியமாகத் தங்கள் பத்திரிகையில் கத்திகளைப் பற்றி எழுதுகிற அந்தத் தம்பியின் பத்து விரல்களும் குறைவில்லாமல் இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். விரல்களை ஏன் தனியாக விசாரிக்கிறேன் என்பது போகப் போக விளங்கும்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் அந்த அஞ்சாம் வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான்தான். இதில் எழுத்துப் பிழை கண்டால் அது என் மூக்குக் கண்ணாடியின் பிழை என்று கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எங்கள் கொட்டகைக்குப் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். வந்த முதல் நாள் தன் தலைக்கு மஞ்சள் தொப்பி மாட்டினார், மூன்றாவது வாரம் சுவருக்கு நோட்டீஸ் மாட்டினார். "கொட்டகைக்குள் திறந்த அலகுள்ள கத்திக்கு அனுமதி இல்லை. மடக்குக் கத்தி மட்டும் கொண்டுவரலாம். கேட்டில் மடக்கிய நிலையில் காட்ட வேண்டும். திங்கட்கிழமை முதல் அமல்." என் கத்தி என்னவென்றால் உடைந்த ரம்பத் தகட்டைத் தீட்டி, பிடிக்குச் சைக்கிள் ட்யூபைச் சுற்றின கத்தி. நோட்டீசைப் படித்ததும் அது அப்படியே குற்றவாளியாகிவிட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "பாட்டி, மடக்குக் கத்தி இருந்தா வேலைக்கு வாங்க. இல்லேன்னா பரவாயில்ல, வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார். அந்தப் பரவாயில்லையைச் சொல்லும்போது அவர் முகத்தில் எவ்வளவு பரிவு தெரியுமா ஐயா, அவர் இங்கே வந்த இரண்டு வருஷமாக அந்தப் பரிவை எங்கே வைத்துக்கொண்டு அலைந்தாரோ. வீட்டுக்கு வந்து சொன்னால் என் மகள் கையைத் தட்டிக்கொண்டு, "அப்பாடா, இதான் சாக்கு, இனிமே வீட்ல இரும்மா" என்கிறாள். வீட்டில் இருப்பதென்றால் என்ன என்று எனக்குத் தெரியும். டீவி ரிமோட் மாப்பிள்ளை கையில், அடுப்படி மகள் கையில், எனக்கு மிச்சம் இருப்பது மணி அடித்தால் கதவுக்குப் பின்னால் நின்று "யாரு?" என்று கேட்கிற உத்தியோகம். அதற்கு நான் தயாராக இல்லை. ஆகவே திங்கட்கிழமைக்குள் எனக்கு ஒரு மடக்குக் கத்தி வேண்டும், அதுவும் பெரியதாக வேண்டும், அதுவும் என்னால் வாங்க முடிந்த விலையில் வேண்டும். இந்த நிலைமையில்தான் தங்கள் பத்திரிகை எங்கள் வீட்டுக்குள் வந்தது.

வரவழைத்தவள் என் பேத்தி. அவளைப் பற்றி இரண்டு வரி எழுதாவிட்டால் எனக்குக் கை ஓடாது. அவள் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறாள். பதினெட்டு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் நடுவே நின்றுபோனால் உள்ளே மாட்டினவன் முதலில் கும்பிடுவது என் பேத்தியை, நேரம் மிச்சமிருந்தால்தான் சாமியை. அவள் வெளியூரில் ஒரு புதுக் கட்டிட வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் தங்கள் பத்திரிகையை என் மடியில் போட்டு, "பாட்டி, இதுல ஏழு கத்தி போட்டிருக்கான். உனக்குப் புடிச்சத வாங்கு, அப்பாகிட்ட மட்டும் யோசனை கேட்காதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா என்று அவள் சொன்னது என் மாப்பிள்ளையை. அவர் தங்கமானவர். ஆபீசில் பேனா மூடியைத் தவிர வேறு எதையும் கழற்றிப் பழக்கமில்லாதவர். ஆனால் "தினமும் உடன் வைத்துக்கொள்ள, கையைக் கடிக்காத விலையில் ஏழு பெரிய மடக்குக் கத்திகள்" என்கிற தலைப்பைப் பார்த்ததும் மனுஷருக்கு என்ன வந்ததோ, நாலு தடவை படித்து, அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் நம்பர் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டிவிட்டார். பால் எடுக்கப் போனால்கூட கத்தியைப் படித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

"அத்தை, ரெண்டாம் நம்பர்தான். எஃகு அம்பத்தொம்பது."

"அம்பத்தொம்பது என்ன மாப்பிள்ளை?"

"கடினம் அத்தை."

"யாருக்குக் கடினம்?"

"எஃகோட கடினம். அம்பத்தாறுக்குக் கீழ போனா அது கத்தியே இல்லைங்கிறார் இதை எழுதினவர்."

"நான் கயிறு அறுக்கப் போறேன் மாப்பிள்ளை, எஃகுக்குப் பரீட்சை வைக்கப் போகல."

ஐயா, கட்டுரை எழுதின தம்பியிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லவும். தலைப்பில் கையைக் கடிக்காத விலை என்று போட்டுவிட்டு முதல் கத்தியே என் இரண்டு மாதச் சம்பளத்தைக் கேட்கிறது. மற்ற ஆறுக்கும் அடியில், "கொஞ்சம் கூடப் போட்டால் இதைவிட நல்லது கிடைக்கும்" என்று ஒரு வரி. போடுகிற கை யாருடையது? அடுத்தது, "வலது முன் பாக்கெட்டில் கிளிப்பால் மாட்டிக்கொண்டால் கத்தி இருப்பதே தெரியாது" என்று ஏழு கத்திக்கும் ஏழு தடவை எழுதியிருக்கிறார். எனக்கு ஏதய்யா வலது முன் பாக்கெட்? நான் கட்டுவது புடவை. கத்திக்குப் பதில் ஒரு கரண்டியைக் கொசுவத்தில் மாட்டிப் பார்த்தேன், மூட்டைக்குக் குனிகிற மாதிரி குனிந்தால் பிடி வயிற்றில் குத்துகிறது, நிமிர்ந்தால் புடவையோடு கரண்டியும் இறங்குகிறது. இருப்பது தெரியாமலா இருக்கும்! அடுத்தது, பெரிய கத்தி யாருக்கு என்றால், காட்டுக்குள் கூடாரம் போடுகிறவர்களுக்கு, கரடி வருகிற இடத்தில் விறகு சீவுகிறவர்களுக்கு என்கிறார். தினமும் என்று தலைப்பில் இருக்கிறதே, தினமுமா கரடி வரும்? எனக்கு ஏன் பெரியது வேண்டும் என்றால், மூட்டைக் கயிறு என் கட்டைவிரல் தடிமன், சின்னக் கத்தி கையுறைக்குள் காணாமல் போய்விடும். இடது கையால் கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கும்போது வலது கை ஒன்றாலேயே திறக்க வேண்டும், முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரே இழுப்பில் அறுத்தால்தான் கயிறு மறுபடி கட்ட உதவும். இவ்வளவுதான் என் காடு, இவ்வளவுதான் என் கரடி.

இதையெல்லாம் யோசித்து நான் தேர்ந்தெடுத்தது நாலாம் நம்பர். அதற்கு மூன்றே மூன்று நட்சத்திரம் போட்டு, "பார்வைக்கு முரடு, கனம் அதிகம், விலைக்குப் பரவாயில்லை" என்று எழுதியிருந்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு வந்து என் அப்பா சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான், நாற்பத்தொரு வருஷம் ஓடியது. சனிக்கிழமை கடைக்குப் போனேன். கடைக்காரர் கத்தியைக் கையில் எடுத்து டக் என்று திறந்தார், என்னமோ செய்தார், மூடிக்கொண்டது. மறுபடி டக், மறுபடி என்னமோ. அந்த டக்கில் நான் மயங்கிவிட்டேன், என்னமோவைக் கவனிக்கவில்லை. எல்லாத் தப்பும் அங்கேதான் ஆரம்பம்.

வீட்டுக்கு வந்து எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினேன். டக்! மகள் அம்மாடி என்று காலைத் தூக்கிச் சோபா மேல் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை உடனே, "சோதனை பண்ணணும் அத்தை, சோதனை பண்ணாம நம்பக்கூடாது" என்று கட்டுரையை விரித்தார். முதல் சோதனை, காகிதத்தைத் தொங்கவிட்டு அறுப்பது. சர்ரென்று அறுத்தது, அறுத்தபிறகுதான் அது கரண்ட் பில் என்று தெரிந்தது. இரண்டாம் சோதனை, முன்கை முடியை வழித்துப் பார்ப்பது. என் கையில் முடி கிடையாது, மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள், மாப்பிள்ளை கையில் நல்ல விளைச்சல். "தைரியமா பண்ணுங்க அத்தை" என்று அவரே நீட்டினார். வழவழவென்று ஒரு பட்டை வழித்துக்கொண்டு வந்தது. ஒரு கை மட்டும் அப்படி இருந்தால் நன்றாக இருக்காதே என்று மறு கையிலும் ஒரு பட்டை. அந்தப் பட்டை கொஞ்சம் கோணலாகப் போகவே அதைச் சரிசெய்ய இந்தக் கையில், இதைச் சரிசெய்ய அந்தக் கையில். இன்றுவரை அவர் ஆபீசுக்கு முழுக்கைச் சட்டைதான் போட்டுக்கொண்டு போகிறார், வெயில் என்று சொல்லி விசிறிக்கொண்டே போகிறார்.

அதற்குப் பிறகுதான் கத்தியை மூடப் போனோம். மூடவில்லை. நான் அமுக்கினேன், மூடவில்லை. மாப்பிள்ளை அமுக்கினார், மூடவில்லை. கட்டுரையைப் பார்த்தால், "திறந்ததும் பாறை மாதிரி நிற்கிறது, அசைத்தாலும் அசையாது" என்று அதைப் பாராட்டித்தான் அந்த மூன்று நட்சத்திரத்தில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார் தங்கள் தம்பி! மாப்பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா அத்தை, தரமான பூட்டு. மூடாம இருக்கிறதுதான் தரம்" என்றார். பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது, எறும்பு ஊர்கிற மாதிரி பதினோரு மொழியில் எழுத்து, அதில் ஒன்றும் நம்முடையது இல்லை. நடுவில் ஒரு கைப் படம், ஒரு அம்புக்குறி. அம்புக்குறி கையைக் காட்டுகிறதா கத்தியைக் காட்டுகிறதா அல்லது ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுகிறதா என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தும் தெரியவில்லை. நடுவே பேத்தி போன் பண்ணினாள்.

"பாட்டி, கத்தி எப்படி?"

"பிரமாதம்டி."

"பத்திரமா மூடி வெச்சிருக்கியா?"

"ஏண்டி, அஞ்சாவதுல முதல்ல வந்தவளுக்கு ஒரு கத்திய மூடத் தெரியாதா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டேன். வைத்ததும் அந்த அம்புக்குறிப் படத்தைத் தலைகீழாகப் பிடித்து மறுபடி ஒரு தடவை பார்த்தேன் ஐயா. அது கிடக்கட்டும்.

திங்கட்கிழமை வந்துவிட்டது. திறந்த கத்தியை எப்படி பஸ்ஸில் கொண்டுபோவது? பெரிய துண்டில் நாலு சுற்றுச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். உடனே ஒரு அம்மா எழுந்து உட்காருங்க உட்காருங்க என்று இடம் கொடுத்தாள். நானும் நல்ல காலம் என்று உட்கார்ந்தேன். அவள் குனிந்து, "எத்தனை மாசம்?" என்கிறாள். "சனிக்கிழமைதான் வந்துச்சு" என்றேன். "அய்யோ, பச்சை மண்ணை இந்தக் கூட்டத்துல தூக்கிட்டு வரலாமா? மூச்சு முட்டப் போகுது, முகத்தைக் கொஞ்சம் திறந்து விடுங்க" என்று அவளே துண்டின் நுனியைத் தூக்கினாள். அதற்கப்புறம் அந்தப் பஸ்ஸில் நானும் டிரைவரும் மட்டும்தான் வந்தோம். டிரைவரும் நான் இறங்குகிற இடம் எது என்று கேட்டுக் கேட்டு, நடுவில் எங்கும் நிறுத்தாமல் கொண்டுவந்து விட்டார். மரியாதை தெரிந்த பிள்ளை.

கொட்டகை கேட்டில் ஒரு காவலாளி. யார் தும்மினாலும் எழுதி வைப்பார், அதனால் அவருக்கு ரிஜிஸ்டர் என்றே பேர்.

"பாட்டி, திறந்த கத்தி உள்ள போகக்கூடாது."

"இது திறந்த கத்தி இல்லப்பா, மடக்குக் கத்தி."

"அப்ப மடக்குங்க."

"நீ மடக்கு பாப்போம்."

அவர் வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, என்னிடமே கொடுத்து, ரிஜிஸ்டரில் எழுதினார்: "காலை 8.10. பாட்டி மடக்குக் கத்தி கொண்டுவந்தார். மடங்கவில்லை." அதற்குள் நெட்டை என்று நாங்கள் கூப்பிடுகிற லாரி டிரைவர் இறங்கி வந்து, "தள்ளுங்க, என் வண்டில கியரே மூணு பேர் தொங்கினாத்தான் விழும், இது ஒரு கத்தியா" என்று அலகின் முதுகைக் கேட் தூணில் வைத்து மோதினார். தூணில் இருந்து காரை பெயர்ந்தது, கத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் வந்தார். "பலத்துல இல்லய்யா, எல்லாம் டெக்னிக்" என்று ஒரு திருகாணியைத் திருகினார், அது தெறித்துப் போய் எங்கேயோ விழுந்தது, அஞ்சு பேர் முட்டிபோட்டு அரை மணி நேரம் தேடினார்கள். கடைசியில் அது மேனேஜர் காலர் மடிப்புக்குள் இருந்தது. அதை மறுபடி முடுக்கிக் கொடுத்துவிட்டு, "கத்தியில குறை இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

இதற்கெல்லாம் மேலே பாதுகாப்பு அதிகாரி வந்தார், மஞ்சள் தொப்பியோடு. "விலகுங்க, நான் ட்ரெயினிங் எடுத்தவன்" என்று கையுறை மாட்டினார். கையுறையோடு பிடி கிடைக்கவில்லை, கழற்றினார். இரண்டு கையாலும் பிடித்து ஒரு அமுக்கு. ஆ என்று ஒரு சத்தம். பெரிசாக ஒன்றுமில்லை ஐயா, ஆள்காட்டி விரலில் ஒரு நகக்கீறல் அளவு, நான் அதற்கு வாயில் விரலை வைத்துச் சப்பிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போயிருப்பேன். ஆனால் கேட்டுக்குப் பக்கத்தில் அவரே ஒரு பலகை மாட்டியிருக்கிறார், "விபத்து இல்லாமல் கடந்த நாட்கள்: 26" என்று. விரலில் பிளாஸ்திரியோடு போய், இருபத்தாறைத் துடைத்து, சுண்ணக்கட்டியால் சைபர் போட்டார். கேட்டில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லாரும் வெவ்வேறு திசையில் திரும்பி இருமினார்கள்.

ஒன்று கவனித்தேன். காவலாளி, டிரைவர், மேனேஜர், அதிகாரி, வீட்டில் மாப்பிள்ளை, ஆக அஞ்சு ஆம்பிளைகள். ஒருத்தர் வாயிலாவது "எனக்குத் தெரியாது, யாரையாவது கேட்போம்" என்று வந்ததா? வரவில்லை. என் வாயிலும் வரவில்லை, ஆனால் அது வேறு விஷயம், நான் கத்தியின் சொந்தக்காரி.

இதற்குள் மூன்று லாரி வரிசையாக நின்று ஹாரன் அடிக்கிறது, மூட்டை பிரிக்க ஆள் இல்லை. அதிகாரி தன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் திறந்த கத்தி என்று ஒரு கட்டம், மடக்குக் கத்தி என்று ஒரு கட்டம், மடங்காத மடக்குக் கத்திக்குக் கட்டமே கிடையாது. தலைமை ஆபீசுக்கு எழுதிக் கேட்டார்கள். பதில் வந்தது: "மேற்படி கத்தியை மூடிய நிலையில் புகைப்படம் எடுத்து அனுப்பினால் பரிசீலிக்கப்படும்." அதுவரைக்கும்? கத்தி உள்ளே போகக்கூடாது என்றுதானே விதி, மூட்டை வெளியே வரக்கூடாது என்று விதி இல்லையே என்று நெட்டைதான் யோசனை சொன்னார். ஆகவே எனக்கு கேட்டுக்கு வெளியே, மதில் நிழலில் ஒரு நாற்காலி போட்டு, மூட்டைகளைத் தள்ளுவண்டியில் என்னிடம் கொண்டுவந்து, நான் அறுத்துக் கொடுக்கக் கொடுக்க உள்ளே கொண்டுபோகிறார்கள். இருபத்திரண்டு வருஷம் உழைத்தவளை எட்டு நாளாக வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள் ஐயா! உள்ளே இருக்கிற தகரக்கூரைச் சூடு எனக்கு இல்லையாம், மேனேஜர் முகத்தை மதியம் வரைக்கும் பார்க்கக் கிடைப்பதில்லையாம், தெருவில் போகிறவர்கள் எல்லாரும் நின்று சௌக்கியம் விசாரிக்கிறார்களாம், பக்கத்துக் கடையிலிருந்து வேளைக்கு டீ வந்துவிடுகிறதாம். இப்படியெல்லாம் கொட்டகைக்குள் பொறாமைப் பேச்சு வேறு. என் மானம் என்ன ஆவது?

கயிற்றைப் பற்றி மட்டும் ஒரு நியாயமான வார்த்தை. நாலாம் நம்பர் அறுக்கிறது. ஒரே இழுப்பு, முடிச்சுக்குப் பக்கத்தில், சுத்தமாக. எட்டு நாளில் எண்ணூறு மூட்டை ஆகியிருக்கும், இன்னும் தீட்டவில்லை. பிடி கையுறைக்கு அளவாக இருக்கிறது. ஆகவே அந்த மூன்று நட்சத்திரத்தை நாலாக்கவும். ஆனால் தங்கள் தம்பி திறப்பதைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறார், எந்த விரலால் தள்ளுவது, எவ்வளவு வேகம், எப்படிச் சத்தம், திறக்கிற அழகுக்குத் தனிப் படம். மூடுவதைப் பற்றி ஒரு வரி இல்லை. திறந்துவிட்டு அவர் பாட்டுக்கு எழுந்து போய்விடுகிறாரா? அவர் வீட்டில் எத்தனை கத்தி திறந்து கிடக்கிறதோ, அவர் சம்சாரம் எப்படித்தான் வீடு கூட்டுகிறாளோ.

ஆகவே தம்பி, ஆசிரியரான உங்களையே தம்பி என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும், என் வயசுக்கு உங்களை அப்படித்தான் கூப்பிட வரும். அடுத்த இதழிலேயே, முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில், படம் போட்டு, நாலாம் நம்பர் கத்தியை மூடுவது எப்படி என்று திருத்தம் வெளியிட வேண்டும். வெளியிட்டால் நான் தலை நிமிர்ந்து கத்தியை மடக்கிக் காட்டிக் கேட்டுக்குள் போவேன். வெளியிடாவிட்டால் என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு தங்கள் ஆபீசுக்கே நேரில் வருவேன், துண்டில் சுற்றிக்கொண்டுதான் வருவேன்.

தங்கள் ஆபீசில் எல்லாரும் நீண்ட ஆயுளோடும், எண்ணிக்கை குறையாத விரல்களோடும் நன்றாக இருக்க வேண்டும். சந்தா பணம் பேத்தி கட்டிவிடுவாள். இன்னும் எழுதலாம், கை வலிக்கிறது.

இப்படிக்கு,
அஞ்சாம் வகுப்பில் முதலாவதாக வந்த,
மூட்டை பிரிக்கும் பாட்டி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, காகிதம் பறக்காமல் இருக்கக் கத்தியை அதன்மேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியூரிலிருந்து பேத்தி வந்து சேர்ந்தாள். கத்தியை எடுத்தாள், பிடிக்குள்ளே ஒரு மெல்லிய தகடு இருக்கிறது, அதைக் கட்டைவிரலால் ஒரு ஓரமாகத் தள்ளிக்கொண்டே மடக்கினாள். மூடிக்கொண்டது. கண் மூடித் திறக்கிற நேரம்தான். "இதுக்கா பாட்டி இவ்வளவு நீளம் எழுதியிருக்கே?" என்றாள். மதில் நிழல் நாற்காலி என் கண்முன் வந்து நின்றது. பிறகு, "திற" என்றேன். டக். "இதை உங்கப்பாகிட்ட சொல்லாதே" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள், சரி என்றாள். என் பேத்தி என்றால் சும்மாவா. ஆகவே ஐயா, மேலே கேட்ட திருத்தத்தை வெளியிட வேண்டாம், எந்த மூலையிலும் வேண்டாம், சின்ன எழுத்தில்கூட வேண்டாம். இவ்வளவு நீளத்தை மறுபடி எழுத முடியாது என்பதால்தான் இதை அப்படியே அனுப்புகிறேன். எங்கள் காவலாளி ரிஜிஸ்டர் தங்கள் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவர். வேறு வாசகர் யாராவது எழுதிக் கேட்டாலும், இந்தக் கத்தியை மூட முடியாது என்றே பதில் போடவும். வேண்டுமானால் இரண்டு நட்சத்திரமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கொட்டகைக்குள்ளே லேபிள் ஒட்டுகிற இரண்டு பேர் நாலாம் நம்பர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுவிட்டு, என் நாற்காலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியும் இன்றைக்கே இடம் அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.